மும்பையில் ஒன்றரை நாள்: கோட்டைப் பகுதிக் கட்டிடங்களை எப்படிப் பார்ப்பது?

#1 தென்காசிக்காரி

வணக்கம். அடுத்த மாதம் அலுவலக வேலையாக மும்பை போகிறேன். வேலை முடிந்த பிறகு ஒன்றரை நாள் கையில் இருக்கிறது. கடற்கரை, கடைவீதி எல்லாம் வேண்டாம். பழைய கட்டிடங்களை மட்டும் நிதானமாகப் பார்க்க ஆசை. எங்கள் ஊர்க் கோயில் கோபுரத்தைச் சின்ன வயதிலிருந்து அண்ணாந்து பார்த்து வளர்ந்தவள், சிற்பம் நிறைந்த சுவர் என்றால் அங்கேயே நின்றுவிடுவேன். ஆனால் பெரிய நகரங்களுக்குப் போனால் அது நடப்பதில்லை. கூட வருபவர்கள் ஒரு படம் எடுத்துவிட்டு 'அடுத்தது என்ன' என்கிறார்கள். கட்டிடத்தின் பெயரும் வருடமும் தெரிகிறது, அதற்கு மேல் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

அங்கே வசிப்பவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். பட்டியல் வேண்டாம், இணையத்தில் நிறையக் கிடக்கிறது. பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

#2 மாட்டுங்காவாசி

வாருங்கள் அம்மா. அப்பா காலத்திலிருந்து மாட்டுங்காவில் இருக்கிறோம். வேலை பார்த்ததெல்லாம் கோட்டைப் பகுதியில்தான், தினமும் லோக்கல் ரயிலில் சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ், பழைய விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையம்) போய் இறங்குவேன். ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பக்கம் போகாத வாரம் குறைவு.

முதலில் வெயிலைப் பற்றிச் சொல்கிறேன். இதை யாரும் எழுதுவதில்லை. ஓவல் மைதானத்தின் கிழக்குப் பக்கம் உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், ராஜாபாய் கடிகாரக் கோபுரம் என்று வரிசையாக நிற்கின்றன. எல்லாமே மேற்கே மைதானத்தைப் பார்த்தவை. காலையில் போனால் சூரியன் அவற்றின் முதுகுக்குப் பின்னால் இருக்கும், சிற்பம் எல்லாம் கருப்பாகத்தான் தெரியும். மாலை நாலரை மணிக்கு மேல் போங்கள். சாய்ந்த வெயில் கல்மேல் விழும்போது ஒவ்வொரு இலையும் முகமும் நிழலோடு எழுந்து நிற்கும். சிஎஸ்எம்டி முகப்புக்கும் அதே கணக்குதான்.

மைதானத்தின் மேற்குப் பக்கம் 1930களின் ஆர்ட் டெக்கோ அடுக்குமாடிகள், அதாவது வளைவுகளும் நேர்கோடுகளுமான அந்தக் காலத்து நவீனப் பாணி. அவை கிழக்கே பார்த்தவை, ஆகவே அவற்றைக் காலையில் பாருங்கள். ஒரே மைதானம்தான். நடுவில் நின்று ஒரு பக்கம் திரும்பினால் 1870கள், மறுபக்கம் திரும்பினால் 1930கள். இந்த இரண்டு வரிசையையும் சுற்றியுள்ள கட்டிடங்களையும் சேர்த்துத்தான் 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மொத்தம் 94 கட்டிடங்கள். சிஎஸ்எம்டிக்கு அதற்கு முன்பே, 2004-இல், தனியாகக் கிடைத்துவிட்டது.

94-ஐயும் பார்க்க நினைக்காதீர்கள். மூன்று போதும்.

#3 உளிச்சத்தம்

மாமல்லபுரத்தில் கல் வேலை செய்யும் குடும்பம். ஒரு வேலைக்காக மும்பை போனபோது ராஜாபாய் கோபுரத்தின் கீழே நின்று பார்த்ததைச் சொல்கிறேன். என் கண் கல்லுக்குத்தான் முதலில் போகும்.

அங்கே சுவர் ஒரு கல், சிற்பம் வேறு கல். சுவருக்குக் குர்லா கல், வெளிர்மஞ்சள் நிறம், கெட்டியானது. சிற்ப வேலைக்கெல்லாம் குஜராத் கரையிலிருந்து வந்த போர்பந்தர் சுண்ணாம்புக்கல். இது மெத்தென்று இருக்கும், உளிக்குச் சொன்னபடி கேட்கும். நாங்கள் வேலை செய்யும் கருங்கல் அப்படி இல்லை. ஒரு இலையைச் சுற்றிப் பின்பக்கம் குடைய வேண்டுமானால் நாள் கணக்கில் உட்கார வேண்டும், ஒரு அடி தப்பினால் இலை போய்விடும். அதனால்தான் நம் பக்கத்து வேலையில் உருவம் கல்லோடு ஒட்டியே திரண்டு நிற்கும். போர்பந்தர் கல்லில் இலைக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் குடைந்திருக்கிறார்கள். நிழல் ஆழமாக விழுவது அதனால்தான். தூரத்திலிருந்து பார்க்கும்போது 'எவ்வளவு நுணுக்கம்' என்று தோன்றுவதில் பாதி வேலை அந்த நிழல் செய்வது.

ஆனால் மெத்தென்ற கல்லுக்கு ஆயுசு குறைவு. கடல்காற்றும் நான்கு மாத மழையும் தின்றுவிடும். சில முகங்களில் மூக்கு வழுவழுவென்று தேய்ந்து போயிருக்கும். அதற்குப் பக்கத்திலேயே கருங்கல் நிறத்தில் எரிமலைப் பாறை வைத்துக் கட்டிய இடத்தில் உளி போட்ட கோடு அப்படியே இருக்கும்.

எனவே அக்கா, ஒரு சுவரின் முன்னால் நின்றதும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இங்கே எத்தனை வகைக் கல் இருக்கிறது, எது எங்கே போயிருக்கிறது? கட்டியவன் என்ன நினைத்தான் என்பது பாதி புரிந்துவிடும்.

#4 மாட்டுங்காவாசி

தம்பி சொன்னது எனக்கே புதிது. இத்தனை வருஷம் நிறத்தைப் பார்த்திருக்கிறேன், கல்லைப் பார்த்ததில்லை.

அந்தக் கோபுரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். 85 மீட்டர் உயரம். 1878-இல் முடிந்தது. வரைந்தவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட், லண்டனில் உட்கார்ந்தே வரைந்து அனுப்பினார், மும்பையைக் கண்ணால் பார்த்ததில்லை. பணம் கொடுத்தவர் பிரேம்சந்த் ராய்சந்த் என்ற பருத்தி வியாபாரி. ராஜாபாய் அவருடைய அம்மா. அம்மாவுக்குக் கண் தெரியாது, சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும், மணியோசை கேட்டு நேரம் தெரிந்துகொள்ளட்டும் என்று மகன் கட்டினார் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள்.

மேலே ஏற அனுமதி இல்லை. கீழேயிருந்து பார்க்கும்போது கோபுரத்தின் மேல்பகுதியில் ஆள் உருவங்கள் நிற்பது தெரியும். மேற்கிந்தியாவின் பல சாதி சமூகத்தாரின் உருவங்கள் அவை. ஒவ்வொருவருக்கும் தலைப்பாகை வேறு, உடுப்பு வேறு. ஒரு சின்ன பைனாகுலர் கொண்டு வாருங்கள். அது இல்லாமல் இந்தக் கட்டிடங்களைப் பாதிதான் பார்க்க முடியும்.

பக்கத்திலேயே பட்டமளிப்பு மண்டபம். அதன் வட்ட ஜன்னலில் பன்னிரண்டு ராசிகளும் வண்ணக் கண்ணாடியில் இருக்கின்றன. உள்ளே விட்டால் அதிர்ஷ்டம், விடாவிட்டாலும் வெளியே இருக்கும் சுழல் படிக்கட்டைப் பாருங்கள், அது போதும்.

#5 பருத்திக்காடு

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் ரசித்துப் பேசும்போது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. அந்நாட்டின் தெற்கிலிருந்து பருத்தி வரத்து நின்றதால் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்திக்குப் பறந்தன. பம்பாயில் பணம் கொட்டியது. அதே நேரத்தில்தான் ஆளுநர் பார்ட்டில் ஃபிரேர் பழைய கோட்டைச் சுவரை இடித்தார். காலியான இடத்தில் எழுந்தவைதான் நீங்கள் சொல்லும் கட்டிடங்கள். அதற்கு முந்தைய தலைமுறைப் பணத்தில் சீனாவுக்கு ஓப்பியம் விற்ற பணமும் உண்டு. நிலத்தில் பருத்தி விளைவித்தவனுக்கு இதில் என்ன கிடைத்தது? ஆட்சி நிலைத்திருக்கும் என்று காட்டுவதற்காகக் கட்டிய நீதிமன்றத்தையும் ரயில் நிலையத்தையும் 'ஆஹா' என்று பார்ப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. சிஎஸ்எம்டி வாசலில் ஒரு தூணில் சிங்கம், மறு தூணில் புலி. சிங்கம் பிரிட்டன், புலி இந்தியா. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்க வேண்டும்.

#6 உளிச்சத்தம்

அண்ணே, நீங்கள் சொல்வதில் தப்பு இல்லை. ஆனால் அந்தச் சிற்பத்தைச் செதுக்கிய கை யாருடையது? பணம் போட்டவன் கதையோடு நிறுத்தினால் வேலை செய்தவன் மறுபடியும் காணாமல் போகிறான்.

#7 எழும்பூர்ச் செங்கல்

கட்டிடப் பாதுகாப்புத் துறையில் இருக்கிறேன், சென்னை. #5-க்கும் #6-க்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சிஎஸ்எம்டியை வரைந்தவர் ஃபிரெடெரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ். 1878-இல் தொடங்கிப் பத்து வருட வேலை, செலவு சுமார் 16 லட்சம் ரூபாய். மேற்பார்வை பார்த்தவர் சீதாராம் கண்டேராவ். சிற்ப வேலைப்பாட்டில் பெரும்பகுதி பம்பாய் கலைப் பள்ளி மாணவர்களுடையது. அந்தப் பள்ளி 1857-இல் தொடங்கியது, ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் கொடுத்த ஒரு லட்சம் ரூபாயில். பருத்திக்காடு சொன்ன ஓப்பியம் வியாபாரத்தில் அவரும் இருந்தவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை.

அந்த மாணவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். வடிவம் இத்தாலிய கோதிக், கூர்வளைவுகள் கொண்ட ஐரோப்பியப் பாணி. ஆனால் ஜன்னல் வளைவுக்குள் தோகை விரித்து நிற்பது மயில். தூண் தலைகளில் குரங்கு, ஆந்தை, அணில், நம் ஊர்ச் செடி கொடிகள். ஒரு தூண் தலை மாதிரி இன்னொன்று இல்லை. வரைபடத்தில் 'இங்கே இலை அலங்காரம்' என்று மட்டும் இருந்திருந்தால் ஐரோப்பியப் பாடப்புத்தக இலையையே திரும்பத் திரும்பச் செதுக்கியிருக்கலாம். அவர்கள் வெளியே போய்ச் செடியைப் பார்த்து வந்து செதுக்கியிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய ஆட்சிக் கட்டிடத்தில் தன் கண்ணால் பார்த்ததை ஒருவன் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்பது அவனுக்காகத்தான்.

முகப்பில் வட்டங்களுக்குள் மனிதத் தலைகளும் உண்டு. ரயில் கம்பெனியின் இயக்குநர்கள். அவர்களில் ஜீஜீபாயும் ஜகந்நாத் சங்கர்சேட்டும் இருக்கிறார்கள். உச்சியில் எண்கோணக் குவிமாடம், அதன்மேல் ஒரு கையில் தீப்பந்தமும் மறு கையில் சக்கரமும் பிடித்த பெண் உருவம், முன்னேற்றத்தைக் குறிப்பது. கடிகாரத்துக்குக் கீழே ஒரு மாடம் காலியாக இருக்கும். அங்கே விக்டோரியா ராணி சிலை இருந்தது, சுதந்திரத்துக்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். அந்த வெற்று மாடத்தையும் நின்று பாருங்கள், அதுவும் இந்தக் கட்டிடத்தின் வரலாறுதான்.

#8 பருத்திக்காடு

காலியான மாடம் எனக்குத் தெரியாத தகவல், நன்றி. செதுக்கியவன் பக்கம் நின்று பார்ப்பது என்றால் எனக்குச் சம்மதம். பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அதனால் போய்விடாது. இரண்டும் இருக்கட்டும்.

பிரேம்சந்த் ராய்சந்த் கதையிலேயே அது தெரியும். 1865-இல் போர் முடிந்ததும் பருத்தி விலை விழுந்தது, பங்குகள் எல்லாம் காகிதமாயின, அவரும் சேர்ந்து விழுந்தார். கோபுரம் முடியும்போது அவர் பழைய கோடீஸ்வரர் இல்லை.

#9 கிழக்கு ஜன்னல்

உயர் நீதிமன்றத்தை யாரும் சொல்லவில்லையே! நான் வக்கீல், அதனால் எனக்கு அது தனி.

வரைந்தவர் ஜேம்ஸ் ஃபுல்லர், 1871-இல் தொடங்கி 1878-இல் முடிந்தது. அங்கே ஒரு தூணின் தலையில் நீதிபதிக் குரங்கு உட்கார்ந்திருக்கிறது. ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டிருக்கிறது, கையில் தராசு. இன்னொரு இடத்தில் கழுத்தில் வக்கீல் பட்டி கட்டிய நரி. கட்டுமான வேலையில் தகராறாகி வழக்கில் தோற்ற ஒருவர், கோபத்தில் இதைச் செதுக்க வைத்தார் என்று ஒரு கதை பரம்பரையாக உலவுகிறது. கதை எப்படியோ, அந்தக் குரங்கு அங்கேதான் இருக்கிறது, அதன் கீழேதான் வழக்கு நடக்கிறது.

நினைத்தவுடன் உள்ளே போக முடியாது, வேலை நாளில் பாதுகாப்பு கடுமை. முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் மைதானத்திலிருந்து அந்தச் சரிவான கூரைகளையும் எண்கோணக் கோபுரங்களையும் பார்ப்பதே நிறைவாக இருக்கும்.

#10 தென்காசிக்காரி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒரு கேள்வி. சுவரிலிருந்து நாய், முதலை மாதிரித் தலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் படங்களில் பார்த்தேன். அவை வெறும் அலங்காரமா?

#11 உளிச்சத்தம்

அவை மழைநீர் போகும் தூம்புகள். கூரையில் சேரும் தண்ணீர் சுவரோடு வழிந்தால் கல்லும் சாந்தும் அரித்துப் போகும். அதனால் சுவரை விட்டு ஓரடி ஈரடி தள்ளி வாய் வைத்து, தண்ணீரைத் தூரமாகத் துப்ப வைக்கிறார்கள். நம் கோயில் கருவறையில் அபிஷேக நீர் வெளியே வரும் கோமுகிக்கும் இதே வேலைதான். கோமுகியில் யாளி முகம் வைத்த இடங்கள் இருக்கின்றன, தாங்கிப் பிடிக்கும் பூதகணம் வைத்த இடங்களும் இருக்கின்றன. வேலை செய்யும் உறுப்பு எதுவோ அதற்குத்தான் சிற்பி முகம் கொடுக்கிறான். தண்ணீர் வெளியே வரும் இடம், பாரம் இறங்கும் இடம், வாசல். எந்த நாடானாலும் இது மாறவில்லை.

அதனால் அலங்காரம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று பாருங்கள். பாரம் தாங்கும் போதிகைக்கு அலங்காரம் உண்டு. நடுச்சுவர் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமை இல்லாவிட்டால் சிற்பம் எடுபடாது. எல்லா இடத்திலும் செதுக்கிய சுவரைப் பார்த்தால் கண் தங்க இடம் இல்லாமல் ஓடிவிடும்.

#12 எழும்பூர்ச் செங்கல்

உளிச்சத்தம் சொன்னதோடு ஒரு கவலையையும் சேர்க்கிறேன். கற்களுக்கு நடுவில் இருக்கும் இணைப்புக் கோட்டைக் கவனியுங்கள். பழைய வேலை சுண்ணாம்புச் சாந்து. சுவருக்குள் போன ஈரம் அந்த இணைப்பு வழியாக வெளியேறிவிடும். பிற்காலத்தில் ரிப்பேர் என்று பல நகரங்களில் அதைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் பூசினார்கள். சிமெண்ட் கல்லைவிடக் கடினம், ஈரத்தை விடாது. ஈரம் கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். போகும்போது உப்பைக் கல்லின் மேல்தோலில் விட்டுவிட்டுப் போகும், தோல் பொருக்குப் பொருக்காக உதிரும். இணைப்புக் கோடு சாம்பல் நிறத்தில் முழுசாக இருக்க, அதைச் சுற்றியுள்ள கல் மட்டும் உள்வாங்கியிருந்தால் காரணம் இதுதான். நான் பார்த்த ஒரு மண்டபத்தில் பூ வேலைப்பாடு முழுவதும் இப்படிப் போய்விட்டது. நூறு வருஷ மழை செய்யாததை நல்லெண்ணத்தோடு வந்த சிமெண்ட் மூட்டை செய்துவிட்டது. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

நல்ல உதாரணமும் உண்டு. ராஜாபாய் கோபுரத்தை 2013 முதல் 2015 வரை நிதானமாகச் சீரமைத்தார்கள், இன்று அது பளிச்சென்று நிற்கிறது. அதற்கு நேர்மாறாக, காலா கோடாவில் எஸ்பிளனேட் மாளிகை. 1860களில் வாட்சன்ஸ் ஹோட்டலாகக் கட்டியது. இரும்புச் சட்டங்களை இங்கிலாந்தில் வார்த்துக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். 1896 ஜூலை 7 அன்று சினிமாவின் முன்னோடிகளான பிரான்சின் லூமியேர் சகோதரர்களின் படங்களை இந்தியாவில் முதன்முதலாகத் திரையிட்டது அங்கேதான். 2019-இல் ஆட்களை வெளியேற்றும் நிலைக்கு வந்துவிட்டது. தெருவிலிருந்து பார்க்கலாம். மனசு கனக்கும், இருந்தாலும் பாருங்கள்.

#13 மாட்டுங்காவாசி

கிராஃபோர்ட் மார்க்கெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சிஎஸ்எம்டியிலிருந்து நடக்கும் தூரம்தான். இப்போது மகாத்மா ஜோதிபா புலே மண்டி. 1869, வில்லியம் எமர்சன் வரைந்தது. வாசல் வளைவுக்கு மேலே வயலில் வேலை செய்யும் விவசாயிகளின் புடைப்புச் சிற்பம், செய்தவர் கலைப் பள்ளி ஆசிரியர் லாக்வுட் கிப்ளிங். காய்கறி வாங்க வருகிற இடத்துக்கு மேலே அதை விளைவிக்கிறவன். பருத்திக்காடு சாருக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

#14 பருத்திக்காடு

பிடிக்கும் ஐயா. அடுத்த முறை வரும்போது உங்களோடு போகிறேன்.

#15 கிழக்கு ஜன்னல்

ஆர்ட் டெக்கோ பக்கத்தை விட்டுவிட்டோமே. கோதிக் பார்த்த கண்ணுக்கு முதலில் அது வெறுமையாகத் தெரியும். கொஞ்சம் பொறுமை வேண்டும். அங்கே அலங்காரம் சுவரில் ஒட்டியிருக்காது. பால்கனியின் வளைவில், ஜன்னலுக்கு மேல் புருவம் போல நீளும் வெயில்தடுப்பில், இரும்புக் கதவின் சூரியக் கதிர்களில், கட்டிடத்தின் பெயரை எழுதியிருக்கும் எழுத்துகளிலேயே இருக்கும். ஈராஸ் திரையரங்கு 1938. ரீகல் 1933. ரீகலை வரைந்த சார்லஸ் ஸ்டீவன்ஸ், சிஎஸ்எம்டியை வரைந்த ஸ்டீவன்ஸின் மகன். அப்பா ரயில் நிலையம், மகன் சினிமா. கல்லிலிருந்து கான்கிரீட்டுக்கு அந்தக் குடும்பத்தில் ஒரு தலைமுறைதான் ஆகியிருக்கிறது!

கோட்டைக்குள் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் கட்டிடத்தையும் பாருங்கள், 1936. முகப்பில் உயரமான புடைப்பு உருவங்கள், உழைக்கிற இந்திய ஆண்களும் பெண்களும். ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்பு தூண் தலையில் அணிலும் குரங்குமாக ஒளிந்திருந்த இந்தியக் கை, இங்கே முகப்புக்கே வந்துவிட்டது.

#16 தென்காசிக்காரி

போய் வந்துவிட்டேன். மாட்டுங்காவாசி ஐயா சொன்னபடி மூன்று மட்டும் என்று முடிவு செய்துகொண்டேன்: சிஎஸ்எம்டி, ராஜாபாய், கிராஃபோர்ட் மார்க்கெட்.

சிஎஸ்எம்டியில் மாலை வெயில் வரும்வரை காத்திருந்தேன். பைனாகுலரில் மயில் கிடைத்தது. தோகையின் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகச் செதுக்கியிருக்கிறது, கழுத்து லேசாகத் திரும்பியிருக்கிறது. அந்த உயரத்தில் கீழேயிருந்து யாருக்கும் தெரியாது என்று தெரிந்தும் செய்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற ஒரு போர்ட்டர் என்ன பார்க்கிறீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். பைனாகுலரைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அவரே இன்னொரு மூலையைக் காட்டி, அங்கே நாய்த்தலை இருக்கிறது, ஜூலை மாதம் வந்தால் அதன் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் என்றார். தண்ணீர் கொட்டுவதை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும்.

ராஜாபாயில் உளிச்சத்தம் தம்பி சொன்ன இரண்டு கல்லும் பிரிந்து தெரிந்தன. கீழ்த்தூண்களில் இலைக்குப் பின்னால் இருட்டு தெரிகிறது, நிஜமாகவே விரல் போகும் போலிருக்கிறது. தொடவில்லை.

இனி ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு முறை சென்னை வருகிறேன், எழும்பூரில்தான் இறங்குகிறேன். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அங்கே என்ன பார்க்கலாம்?

#17 எழும்பூர்ச் செங்கல்

என் பெயரிலேயே பதில் இருக்கிறது அக்கா. எழும்பூர் நிலையம் 1908. வரைந்தவர் ஹென்றி இர்வின், கட்டியவர் பெங்களூர் ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளை. இப்போது அங்கே பெரிய அளவில் மறுசீரமைப்பு வேலை நடக்கிறது, முகப்பை முழுதாகப் பார்க்க முடிகிறதா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அங்கிருந்து நடந்தே பாந்தியன் சாலை அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். வளாகத்துக்குள் தேசியக் கலைக்கூடம் இருக்கிறது, 1909, அதுவும் இர்வின் வரைந்ததுதான். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். கன்னிமரா நூலகமும் விக்டோரியா பொது மண்டபமும் அவர் கட்டியவையே. வரைந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் என்று பெயர் தெரிகிறது, கட்டியவர் பெயர் ஆவணத்தோடு தெரியும் ஊர் சென்னை. அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

கலைக்கூடத்தின் முகப்புக்குச் சத்தியவேட்டிலிருந்து கொண்டுவந்த இளஞ்சிவப்பு மணற்கல். முகலாய வாசல் வடிவம், ஃபதேபூர் சிக்ரியை நினைவூட்டும். பைனாகுலர் வேண்டியதில்லை, வேலைப்பாடு கண் மட்டத்திலேயே தொடங்குகிறது. கிளம்பும் முன் அருங்காட்சியகம் அன்று திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

#18 உளிச்சத்தம்

நீங்கள் போகும் தேதியைச் சொல்லுங்கள் அக்கா. மாமல்லபுரத்திலிருந்து எழும்பூர் வர எனக்கு இரண்டு மணி நேரம்தான் ஆகும். அந்தச் சத்தியவேட்டுக் கல்லில் உளி எப்படிப் போயிருக்கிறது என்று நானும் பார்க்க வேண்டும்.

#19 பருத்திக்காடு

நானும் வருகிறேன். சென்னையில்தான் இருக்கிறேன்.